லாங் ரன்னுக்கு எந்தப் பனியன்?

திருப்பூரில் ஓடுகிறவர்கள் கூடிவிட்டார்கள். டிசம்பரில் கோவை மாரத்தான், ஜனவரியில் சென்னை மாரத்தான் என்று வரிசையாக வருவதால், ஐப்பசி பிறந்ததிலிருந்தே ஞாயிற்றுக்கிழமை விடியலில் காங்கயம் ரோட்டிலும் ஊத்துக்குளி ரோட்டிலும் ஆட்கள் தென்படுகிறார்கள். பதினைந்து கிலோமீட்டர், இருபது கிலோமீட்டர் என்று ஓடுகிறார்கள். பார்க்கச் சந்தோஷமாக இருக்கிறது. இவர்களில் பலர் பனியன் கம்பெனிகளில் வேலை செய்கிறவர்கள். அப்படியிருந்தும் மேலுக்குப் போட்டிருக்கும் துணியை யோசித்துப் போட்டு வருகிறவர்கள் குறைவு என்பதுதான் என் ஆதங்கம். பனி கொட்டும் நாடுகளுக்கெல்லாம் ஓட்டக்காரர் சட்டை தைத்து அனுப்புகிற ஊர் இது. எந்தத் துணி வியர்வையை என்ன செய்யும் என்பது நிட்டிங்கிலிருந்து செக்கிங் வரை நமக்குத் தெரிந்த சங்கதி. அந்த அறிவை நம் உடம்புக்கும் பயன்படுத்திக்கொள்ள வேண்டும்.

நான் மெர்ச்சண்டைசராக இருப்பவன். குளிர்நாட்டு பையர்களுக்கான ஸ்போர்ட்ஸ் வேர்தான் என் வேலை. அதோடு வருடக்கணக்காக ஓடுகிறேன். இந்த இரண்டும் சேர்ந்து சொல்லிக்கொடுத்தவற்றை இங்கே எழுதுகிறேன்.

மார்கழி விடியலில் நம் ஊரில் 18, 20 டிகிரி இருக்கும். நீண்ட ஓட்டத்துக்கு இதைவிட நல்ல தட்பவெப்பம் நமக்கு வருடத்தில் வேறு கிடைக்காது. ஆனால் அந்த நேரத்துக் காற்றில் ஈரப்பதம் உச்சத்தில் நிற்கும். இட்டேரிக்குள் நுழைந்தால் கிளுவை வேலியில் சிலந்தி வலைகள் முழுக்கப் பனித்துளி கோத்துக் கிடக்கும். கொழுக்கட்டைப் புல்லில் கால் பட்டால் ஷூ நனைந்துவிடும். இவ்வளவு ஈரம் நிறைந்த காற்று நம் வியர்வையை வாங்கிக்கொள்ளாது. சித்திரை வெயிலில் ஓட ஓடக் காய்ந்துகொண்டே வரும் பனியன், மார்கழியில் ஏழெட்டு கிலோமீட்டருக்குள் முதுகோடு ஒட்டிக்கொள்ளும். ‘குளிராக இருக்கிறது, வியர்க்காது’ என்று நினைத்துத்தான் பலரும் பருத்திச் சட்டையைப் போட்டுக்கொண்டு கிளம்புகிறார்கள். அங்கேதான் கணக்கு தப்புகிறது.

துணி ஆய்வுக்கூடத்தில் ஒவ்வொரு இழைக்கும் ஓர் ஈரக் கணக்கு உண்டு. எப்போதும்போல் இருக்கும் காற்றில் வைத்தாலே பருத்தி தன் உலர்ந்த எடையில் 8.5 சதவீதம் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். நைலான் 4 சதவீதத்தை ஒட்டி, கம்பளி 16 சதவீதம் அளவுக்கு. பாலியஸ்டர் வெறும் 0.4 சதவீதம். பருத்தியில் நீர் இழைக்குள்ளேயே புகுந்து இழை ஊதிவிடும், அதனால் காய நேரமாகும். பாலியஸ்டரில் நீர் இழைக்குள் போகாது. இழைகளுக்கு நடுவிலுள்ள சந்துகளில் பரவி வெளிப்பக்கம் வந்து ஆவியாகும். வீட்டில் உட்காரும்போது, தூங்கும்போது, கம்பெனியில் நிற்கும்போது பருத்தியைப்போல் சுகம் வேறெதிலும் கிடையாது. இரண்டு மணி நேரம் ஓடும்போது மட்டும் அதைக் கழற்றி வைத்துவிடுங்கள்.

எல்லா பாலியஸ்டரும் ஓடுவதற்கு ஆகாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். காதர்பேட்டை சர்ப்ளஸ் கடைகளில் ‘டிரை ஃபிட்’ என்று குவித்து வைத்திருப்பதில் நல்லதும் இருக்கிறது, வெறும் பிளாஸ்டிக் பை மாதிரியானதும் இருக்கிறது. பிரித்தறிய ஒரு சொட்டுத் தண்ணீர் போதும். சட்டையை உள்பக்கம் திருப்பி உள்ளங்கையில் விரித்து, விரல் நுனியால் ஒரு சொட்டு விடுங்கள். சொட்டு முத்தாகத் திரண்டு நின்றால் அந்தத் துணி உங்கள் வியர்வையையும் அப்படியே தோலின்மீது நிறுத்திவைக்கும். ஓரிரு நொடியில் பரவி, துணியைப் புரட்டினால் மறுபக்கத்தில் இன்னும் அகலமாக ஈரம் தெரிந்தால் வாங்கலாம். நாங்கள் லேபில் செய்வதும் ஏறக்குறைய இதுதான், கூடவே கடிகாரம் பிடித்து நேரம் குறிப்போம். வாங்கிய பிறகு துவைத்துவிட்டு மறுபடியும் ஒருமுறை சொட்டு விட்டுப் பாருங்கள். ஃபினிஷிங் கெமிக்கலால் மட்டும் உறிஞ்சுகிற துணி, சில துவைப்புகளில் அந்தக் குணத்தை இழந்துவிடும். நல்ல துணியைக் கெடுக்க கம்ஃபர்ட் போன்ற வாசனை திரவம் போதும். அது இழைமேல் படிந்து சந்துகளை அடைத்துவிடும். ஓட்டச் சட்டைக்குச் சோப்புத் தண்ணீர் மட்டும் போதும்.

அடுத்து கனம். ஜி.எஸ்.எம். கட்டரால் வட்டமாக வெட்டி எடுக்கிற 100 சதுர சென்டிமீட்டர் துண்டை எடை போட்டு, வருகிற கிராமை நூறால் பெருக்கினால் ஜி.எஸ்.எம். வந்துவிடும் என்பது நம் ஊரில் கட்டிங் ஹெல்பருக்கும் தெரியும். திருப்பூர் மார்கழிக்கு 120 முதல் 150 வரையிலான மெஷ் அல்லது மெல்லிய இன்டர்லாக் சரி. 180-க்கு மேல் போனால் நனைந்த பிறகு தோளில் இழுக்கும். உள்பக்கம் புசுபுசுவென்று இருக்கும் ஃப்ளீஸ் 280, 300 ஜி.எஸ்.எம். வரும். அதைப் போட்டுக்கொண்டு நம் ஊரில் இருபது கிலோமீட்டர் ஓடுகிறவர்களைப் பார்க்கிறேன். சிலர் அதற்கும் மேலே மழைக்கோட்டு போட்டுக்கொள்கிறார்கள். வியர்வை நிறையப் போனால் எடை குறையும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். குறைவது தண்ணீர் எடை. வீட்டுக்குப் போய் ஒரு சொம்பு குடித்தால் திரும்ப வந்துவிடும். நடுவில் உடம்பு சூடேறி மயக்கம் வருவதுதான் மிச்சம். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

தையலையும் பாருங்கள். சட்டையின் அக்குள் பக்கத்தை உள்புறம் திருப்பிக் கட்டைவிரலால் தடவினால் ஓவர்லாக் தையல் வரப்பு மாதிரி மேடாக நிற்கும். கையை வீசி வீசி ஓடும்போது ஒவ்வொரு வீச்சுக்கும் அந்த மேடு தோலை அறுக்கும். ஈரமாக இருந்தால் இன்னும் சீக்கிரம் அறுக்கும். பதினெட்டாவது கிலோமீட்டரில் வியர்வை உப்பு அதில் இறங்கும்போது தெரியும் அந்த எரிச்சல். நான்கு ஊசி, ஆறு நூல் ஃப்ளாட்சீம் போட்ட சட்டையில் இரண்டு துணியும் பக்கத்துக்குப் பக்கம் படுத்திருக்கும், மேடு இருக்காது. விலை கூடுதல்தான். அது முடியாதென்றால் ராக்லன் கை வைத்த சட்டை வாங்குங்கள்; தோள் விளிம்பிலாவது தையல் விழாது. மெயின் லேபிள் துணியில் இருந்தால் வெட்டிவிடுங்கள். தொடை இடுக்கு, அக்குள், மார்புக்காம்பு மூன்றுக்கும் வாசலின் தடவிக்கொள்ளுங்கள். தேங்காய் எண்ணெயும் ஆகும். 24 டிகிரிக்குக் கீழே அது உறைந்துவிடும் என்பதால் மார்கழியில் பாட்டிலிலிருந்து கொட்டாது. முதல் நாள் ராத்திரியே அகல வாய் டப்பாவில் ஊற்றி வைத்தால் விரலால் வழித்துக்கொள்ளலாம். உறைந்த எண்ணெய்தான் நன்றாகத் தோலில் பிடிக்கிறது என்பது என் அனுபவம்.

பொங்கலூர் பக்கம் பி.ஏ.பி. வாய்க்கால் மேட்டில் ஓடும்போது பால் கேனோடு வருகிற ஓர் அம்மா அடிக்கடி எதிர்ப்படுவார். “ஏனுங் தம்பி, இந்தப் பனியில ஓடுனா சளி புடிச்சுக்காதுங்களா? தலைக்கு ஒரு துண்டாச்சுங் கட்டிக்கலாமல்லங்க” என்பார். “கட்டிக்கறனுங்க அம்மா” என்று சொல்லிவிட்டு ஓடுவேன். சளி கிருமியால் வருகிறது, பனியால் வருவதில்லை. ஆனாலும் அந்த அம்மா சொல்வதில் எனக்கு மரியாதை உண்டு. அவர் பயப்படுகிற ஆபத்து ஓடி முடித்த பிறகுதான் இருக்கிறது. ஓடுகிறவரை தசைகள் அடுப்பாக எரிந்துகொண்டிருக்கும், சட்டை ஈரமானாலும் குளிராது. நின்ற நொடியிலிருந்து அந்தச் சூடு இறங்கும், ஈரம் மட்டும் ஆவியாகிக்கொண்டே இருக்கும். ஆவியாகிற ஒவ்வொரு துளியும் தோலிலிருந்து சூட்டை எடுத்துக்கொண்டுதான் போகும். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து அரை மணி நேரம் பேசிக்கொண்டிருந்தால் நடுக்கம் வருவது அதனால்தான். அதுவும் பைக்கில் ஏறி எதிர்க்காற்றில் வீட்டுக்குப் போனால் சொல்லவே வேண்டாம்.

ஆகவே இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றை எடுத்துக்கொள்வதானால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்: காய்ந்த பனியன் ஒன்றும் துண்டு ஒன்றும் வண்டி டேங்க் கவரில் வைத்திருங்கள். ஓட்டம் முடிந்ததும், போட்டோ எடுப்பதற்கு முன்பு, வாட்ச்சைப் பார்ப்பதற்கு முன்பு, நனைந்ததைக் கழற்றித் துடைத்துவிட்டு அதைப் போடுங்கள். இந்த இடத்தில் பருத்திதான் ராஜா. தோலில் மிச்சமிருக்கும் ஈரத்தையெல்லாம் அது குடித்துவிடும்.

நனைந்த ஷூவுக்கும் நம் ஊரில் மருந்து இருக்கிறது. கட்டிங் டேபிளுக்கு அடியில் கிடக்கும் பருத்தி வேஸ்ட்டை இரண்டு கைப்பிடி எடுத்து ஷூவுக்குள் திணித்து நிழலில் வையுங்கள். மதியம் ஒருமுறை மாற்றினால் மறுநாளுக்குள் காய்ந்துவிடும். வெயிலில் காய வைத்தால் அடிப்பாகப் பசை விட்டுப்போகும். சாக்ஸுக்கும் சட்டைக்குச் சொன்ன கணக்குதான். முழுப் பருத்தி வேண்டாம், விரல் நுனியில் தையல் மேடு இல்லாததாகப் பாருங்கள்.

இதையெல்லாம் எனக்கு முழுதாகப் புரிய வைத்தது ஜெர்மனியின் பனி. முனிக் நகரில் 1970-ல் தொடங்கிய இஸ்போ விளையாட்டுப் பொருள் கண்காட்சி முன்பெல்லாம் ஜனவரி கடைசியில் நடக்கும். வேலை விஷயமாக அங்கே போயிருந்தபோது, ராத்திரி முழுக்கப் பெய்த பனி விடிகாலையில் கணுக்கால் உயரத்துக்குக் கிடந்தது. இங்கிலீஷ் கார்டன் என்ற பெரிய பூங்கா அந்த நகரத்தின் நடுவிலிருந்து இசார் ஆற்றை ஒட்டி வடக்கே நீள்கிறது. 1789-ல் போட்டது, 375 ஹெக்டேர் பரப்பு. அதற்குள் ஓடப் போனேன். ஏழரை மணிக்கும் முழுதாக விடியவில்லை. புதுப் பனியில் யாருடைய காலடியும் இல்லை. ஒவ்வொரு அடிக்கும் ‘கிறீச் கிறீச்’ என்று சத்தம் கேட்டது. மரக்கிளையிலிருந்து பனி சரிந்து விழும் சத்தத்தைத் தவிர அந்தப் பூங்காவில் வேறொன்றும் கேட்கவில்லை. அவ்வளவு பெரிய நகரத்துக்கு நடுவில் அப்படியொரு அமைதியை நான் எதிர்பார்க்கவில்லை. மனம் நிறைந்துபோயிற்று.

புதுப் பனி, பார்க்கப் பயமாக இருந்தாலும், காலுக்கு நல்ல பிடிப்புக் கொடுக்கும். வழுக்குவது நடந்து நடந்து அழுத்தமான பழைய பனியும், உருகி மறுபடி உறைந்த கண்ணாடிப் பனியும்தான். அதனால் மிதிபட்ட தடத்தைவிட ஓரத்தில் மிதிபடாத பனியில் ஓடுவது நல்லது; அடியில் படிக்கட்டோ நடைபாதை விளிம்போ மறைந்திருக்குமா என்று மட்டும் கவனிக்க வேண்டும். அடியைச் சின்னதாக வைத்து, பாதம் உடம்புக்கு நேர் கீழே விழும்படி ஓட வேண்டும். வேகத்தை வாட்ச்சில் பார்க்கவே கூடாது. நான் கிலோமீட்டருக்கு ஒரு நிமிடத்துக்கு மேல் மெதுவாகத்தான் ஓடினேன், மூச்சு என்னவோ எப்போதும்போல்தான் வாங்கியது. இத்தனை கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளாமல், இத்தனை நிமிடம் என்று வைத்துக்கொள்வது பனிக்கும் மணலுக்கும் பொருந்தும். நம் வாய்க்கால் மேட்டு இளகிய மண்ணில் ஓடும்போதும் நான் இப்போது அப்படித்தான் ஓடுகிறேன்.

அந்த ஊர்க்காரர்கள் உடுத்தியிருந்ததைத்தான் நான் கண்கொட்டாமல் பார்த்தேன். தொழில் புத்தி. பூஜ்யத்துக்குக் கீழே ஐந்து டிகிரியில் ஒருவர்கூடத் தடித்த ஜாக்கெட் போடவில்லை. தோலை ஒட்டி மெல்லிய மெரினோ கம்பளி அல்லது பாலியஸ்டர். அதன்மேல் கழுத்தில் பாதி ஜிப் வைத்த இன்னொன்று. காற்றடித்தால் மட்டும் மேலே ஒரு மெல்லிய கையில்லாத விண்ட் வெஸ்ட். காதுக்கு ஒரு பட்டை, கைக்கு மெல்லிய நிட்டட் கையுறை. சூடானால் ஜிப்பை இறக்குகிறார்கள், காற்று வந்தால் ஏற்றுகிறார்கள். கிளம்பும்போது லேசாகக் குளிர வேண்டும், பத்து நிமிடத்தில் உடம்பு சூடாகிவிடும் என்பது அவர்கள் கணக்கு. கிளம்பும்போதே கதகதப்பாக இருந்தால் நடுவழியில் வியர்த்து நனைந்துவிடும், நனைந்தால் அந்தக் குளிரில் உயிருக்கே ஆபத்து. இன்னொன்றும் கற்றுக்கொண்டேன். போகும்போது எதிர்க்காற்றில் போய், திரும்பும்போது காற்றை முதுகில் வாங்கி வர வேண்டும். வியர்த்த உடம்போடு எதிர்க்காற்றில் திரும்பக் கூடாது.

வெளிநாடுதான் போக வேண்டும் என்பதில்லை. லடாக்கில் உறைந்த பாங்காங் ஏரியின்மேல் லுக்குங்கிலிருந்து மான் கிராமம் வரை 21 கிலோமீட்டர் ஓட்டம் 2023 பிப்ரவரியில் நடந்தது. கடல்மட்டத்துக்கு மேலே 13,862 அடி. அவ்வளவு தூரம் முடியாதவர்களுக்கு ஊட்டி இருக்கிறது. டிசம்பர், ஜனவரியில் தலைக்குந்தா, காந்தல் பக்கம் புல்வெளி முழுக்க உறைபனி வெள்ளையாகப் படர்ந்திருக்கும். அங்கே ஓடுவதாக இருந்தால் சூரியன் ரோட்டில் விழுந்த பிறகு கிளம்புங்கள்; நிழல் விழுகிற வளைவுகளிலும் பாலங்களிலும் நடந்து போங்கள். ஊட்டி 2,240 மீட்டர் உயரம், அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிடக் கிட்டத்தட்ட கால்பங்கு குறைவு. திருப்பூரில் இருபது ஓடுகிறவர் அங்கே முதல் நாள் பத்து ஓடினால் போதும்.

திரும்ப நம் ஊருக்கு வருவோம். மார்கழியில் அதிகாலை நான்கரைக்குக் கிளம்புவது பலருக்குப் பெருமை. எனக்கு அதில் உடன்பாடில்லை. காற்று அசையாத குளிர்கால ராத்திரியில் தரை குளிர்ந்து, அதை ஒட்டிய காற்றும் குளிர்ந்து கீழேயே தங்கிவிடும். மேலே இருக்கும் காற்று அதைவிட வெதுவெதுப்பாக இருப்பதால் புகை மேலே ஏற வழியில்லை. பாய்லர் விறகுப் புகை, லாரிப் புகை, குப்பையோடு சேர்த்து யாராவது கொளுத்துகிற வேஸ்ட் துணியின் புகை எல்லாம் ஆள் உயரத்திலேயே நிற்கும். நீண்ட ஓட்டத்தில் வாயால் மூச்சு வாங்குகிறோம். உட்கார்ந்திருப்பதைவிடப் பல மடங்கு காற்று உள்ளே போகிறது. வெயில் ஏறினால்தான் அந்தப் புகை கலையும். ஊருக்குள் ஓடுவதென்றால் ஆறரைக்குப் பிறகு கிளம்புங்கள். முடிந்தால் வண்டியில் ஊரைத் தாண்டிப் போய் இட்டேரியிலும் வாய்க்கால் மேட்டிலும் ஓடுங்கள். நஞ்சராயன் குளம் பக்கம் போகிறவர்கள் ரோட்டோடு நின்றுவிட வேண்டும், கரைமேல் ஏற வேண்டாம். 2022-ல் பறவைகள் சரணாலயம் ஆனது, 2024-ல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. இமயமலையைக் கடந்து வருகிற வரித்தலை வாத்துகள் அங்கே ஓய்வெடுக்கும் காலம் இது.

ஒன்றரை ஷிப்ட் பார்க்கிறவர்களுக்குத் தனியாகச் சொல்கிறேன். சனிக்கிழமை சம்பளம் வாங்கி, கடைக்குப் போய், வீடு சேர்ந்து படுக்கப் பதினொன்றாகிவிடும். வாரம் முழுக்க நின்ற கால்களுக்கு ஞாயிறு காலை நான்கு மணிக்கு அலாரம் வைக்காதீர்கள். தூங்கி எழுந்து ஏழு மணிக்கு ஓடுங்கள். மார்கழி வெயில் ஒன்பது மணி வரை தொந்தரவு செய்யாது. குளிரில் தாகம் தெரியாது என்பதால் தண்ணீரை மறந்துவிடுவோம். ஓடுவதற்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். ஒரு கிலோ குறைந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் போயிருக்கிறது என்று பொருள். வீட்டுக்கு வந்து கொள்ளு ரசம் சூடாகக் குடித்தால் உப்பும் சேர்ந்து திரும்பிவிடும்.

கடைசியாக வெளிச்சம். சர்ப்ளஸில் மலிவாகக் கிடைப்பது கறுப்புச் சட்டை என்பதால் பாதி ஓட்டக்காரர்கள் கறுப்பில் வருகிறார்கள். மூடுபனியில், கம்பெனி பஸ்ஸும் வேனும் விரைகிற ரோட்டில், ஓட்டுநருக்கு அவர்கள் தெரிவதே இல்லை. வாகனத்துக்கு எதிர்முகமாக, ரோட்டின் வலது ஓரத்தில் ஓடுங்கள். முதுகிலும் கணுக்காலிலும் ரிஃப்ளெக்டிவ் பட்டை இருக்கட்டும். அதிலிருக்கும் நுண்ணிய கண்ணாடி மணிகள் ஹெட்லைட் ஒளியை வந்த பக்கமே திருப்பி அனுப்புவதால் தூரத்திலேயே பளிச்சென்று தெரியும். வெளிநாட்டு ஆர்டர்களுக்கு இதே பட்டையை ஹீட் டிரான்ஸ்ஃபர் மிஷினில் தினமும் ஆயிரக்கணக்கில் ஒட்டி அனுப்புகிறோம். விடிவதற்கு முன் ரோட்டில் இருப்பவர்கள் ஓட்டக்காரர்கள் மட்டும் இல்லை; ஷிப்ட் முடிந்து சைக்கிளில் வீடு திரும்புகிறவர்களும், பஸ் பிடிக்க நடக்கிற பெண்களும் அதே இருட்டில்தான் போகிறார்கள். கம்பெனி முதலாளிகளுக்கும் புரொடக்‌ஷன் மேனேஜர்களுக்கும் என் வேண்டுகோள்: அடுத்த முறை உங்கள் ஆட்களுக்குக் கம்பெனி பெயர் போட்டு டி-ஷர்ட் அடிக்கும்போது, அந்தப் பெயருக்குக் கீழே முதுகில் ஒரு ரிஃப்ளெக்டிவ் பட்டையும் ஒட்டிக் கொடுங்கள்.